வைணு பாப்பு: பக்கத்து மலையில் வானம் படித்தவர்

மார்ச் மாதத் தொடக்கத்தில், இரவு 9 மணி வாக்கில், செஞ்சியில் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் நின்று தெற்கே பாருங்கள். பளிச்சென்று ஒரு விண்மீன் தெரியும். அது அகத்தியர், அதாவது கனோபஸ். அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயரத்தில், அதைவிட மங்கலாக இன்னொன்று இருக்கும். அதன் பெயர் காமா வெலோரம். பெயரைக் கேட்டால் வேலூர்க்காரர் மாதிரி இருக்கு, ஆனால் சம்பந்தம் இல்லை. வெலா என்றால் லத்தீனில் கப்பல் பாய். அந்த விண்மீன் கூட்டத்தின் பெயர் அது.

வெறும் கண்ணுக்கு அது ஒரு சாதாரணப் புள்ளிதான். உண்மையில் அங்கே இருக்கும் ஒரு ராட்சச விண்மீன், தன் உடம்பிலிருந்தே வாயுவை நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதே வெலா கூட்டத்தில் இன்னொரு இடத்தில், ஒரு கறுப்பு வாயு மூட்டைக்குள், இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீனும் இரண்டு பக்கமும் வாயுவைப் பீய்ச்சி அடிக்கிறது. ஒன்று கடைசிக் காலத்தை நெருங்கும் விண்மீன், இன்னொன்று பச்சைக் குழந்தை. இரண்டும் செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலை.

சரி, இது நமக்கு எப்படித் தெரியும்? 1,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் வாயு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று போட்டோ பார்த்தால் தெரியாது. வரும் ஒளியைப் பிரித்து, கோடு கோடாகப் படிக்க வேண்டும். அதற்குக் கருவி வேண்டும். அந்தக் கருவியை நம் ஊரிலேயே செய்யணும் என்று பிடிவாதமாக இருந்து, அதற்காகவே தன் வாழ்க்கையின் பாதியைச் செலவழித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் வேலை செய்த இடம் ரொம்ப தூரம் இல்லை. செஞ்சியிலிருந்து வடமேற்கே நேர்கோடு போட்டால் சுமார் 70 கிலோமீட்டர். ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கத்தில் இருக்கும் காவலூர்.

மணாலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் வட கேரளம். அப்பாவுக்கு ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால் பையனுக்குத் தொலைநோக்கி என்பது அப்பாவின் ஆபீஸ் சாமான் மாதிரி. நாம் அப்பாவின் பைக்கைக் குடைந்து பார்த்து வளர்ந்தோம், அவர் தொலைநோக்கியைக் குடைந்து பார்த்து வளர்ந்தார். ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் வானியல் படித்து முன்னேற வழியே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். ஹைதராபாத் அரசின் உதவித்தொகை கிடைத்து, 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஜூலை 2 அன்று இரவு எடுத்த ஒரு போட்டோ தகட்டில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கல் தெரிந்தது. அது ஒரு புது வால்மீன். பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கோர்டன் நியூகர்க் இருவரும் சேர்ந்து அதை உறுதி செய்தார்கள். பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் என்று மூன்று பேர் பெயரும் அதற்கு வந்தது. வயது 21. அதாவது இதைப் படிக்கும் பாதிப் பேரின் வயது.

இங்கே பார்ட் போக் பற்றி ஒரு பத்தி சொல்லியே ஆகணும். வால்மீனுக்கு இரண்டு வருடம் முன்னால், 1947-ல், போக் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். பால்வெளியின் பிரகாசமான பின்னணியில் அங்கங்கே சின்னச் சின்னதாகக் கறுப்பு உருண்டைகள் தெரிகின்றன. அவை ஓட்டைகள் இல்லை. பின்னால் இருக்கும் வெளிச்சத்தை மறைக்கும் அடர்த்தியான வாயுவும் தூசியும். பட்டுப்புழு கூட்டுக்குள் உருமாறுவது போல, இந்த உருண்டைகளுக்குள்தான் விண்மீன்கள் உருவாகின்றன என்பது அவர் ஊகம். போக் குளோபியூல் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போது யாராலும் பார்க்க முடியவில்லை. சாதாரண ஒளி அந்தத் தூசியைத் தாண்டி வராது.

உள்ளே நடப்பதை இன்று ஓரளவு சொல்ல முடியும். அந்த மூலக்கூறு மேகத்தின் வெப்பநிலை சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அவ்வளவு குளிரில் வாயுவின் அழுத்தம் குறைவு, அதனால் ஈர்ப்பு ஜெயிக்கிறது. மேகம் உள்நோக்கிச் சரிகிறது. ஆனால் ஒரு சிக்கல். சரியும் வாயுவுக்கு லேசான சுழற்சி இருக்கும். உள்ளே வர வர அது வேகமாகச் சுற்றும். முதல் வருடம் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் படித்த அதே கோண உந்தம்தான், அது அழியாது. அதனால் வாயு நேராக நடுவில் விழாமல், தட்டையான ஒரு வட்டாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். குடை ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவர் சுற்றிக்கொண்டே இருக்கும்வரை நடுத்தூணுக்கு வர முடியாது இல்லையா, அதே கதை. சுழற்சியை எங்கேயாவது கொட்டினால்தான் விண்மீன் வளரும்.

அதைக் கொட்டும் வழிதான் இந்த வாயுப் பீய்ச்சல். வட்டோடு பிணைந்திருக்கும் காந்தப்புலம், விழும் வாயுவில் ஒரு பங்கை மேலும் கீழுமாக வீசி எறிகிறது. அந்தப் பங்கு கோண உந்தத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மீதி வாயு நிம்மதியாக உள்ளே விழுகிறது. வேகம் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். இந்தப் பீய்ச்சல் சுற்றியிருக்கும் மேகத்தில் மோதும் இடங்களில் வாயு சூடாகி ஒளிரும். ஹெர்பிக், ஹாரோ என்ற இருவர், பாப்பு ஹார்வர்டில் படித்த அதே காலகட்டத்தில்தான் அந்த ஒளிரும் திட்டுகளைக் கண்டார்கள். ஆனால் அவை என்ன என்று புரிய இன்னும் பல வருடம் ஆனது.

பாப்புவின் ஆர்வம் இதற்கு எதிர்முனையில் இருந்தது. வுல்ஃப்–ராயே என்ற வகை விண்மீன்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. நிறை மிக அதிகமான விண்மீன்கள் வயதான காலத்தில் எடுக்கும் அவதாரம் அது. மேல்தோலையே காற்றாக ஊதிவிடும். அவற்றின் நிறமாலையில் கோடுகள் மெல்லியதாக இருக்காது, பட்டையாக அகன்றிருக்கும். வாயுவில் ஒரு பகுதி நம்மை நோக்கி வருகிறது, ஒரு பகுதி விலகிப் போகிறது. வருவதன் ஒளி நீலப் பக்கம் நகரும், போவதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். இரண்டும் சேர்ந்து கோட்டை இழுத்து அகலமாக்கிவிடும். டாப்ளர் விளைவுதான், வேறொன்றும் இல்லை. கோட்டின் அகலத்தை அளந்தால் வாயுவின் வேகம் கையில். பிறக்கிற விண்மீனின் பீய்ச்சலைப் படிக்கவும் இதே பாடம்தான்.

1952-ல் முனைவர் பட்டம் முடித்து, கார்னகி ஃபெலோஷிப்பில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களுக்குப் போனார். பாலோமரின் 5 மீட்டர் தொலைநோக்கிதான் அப்போது உலகத்திலேயே பெரியது. அங்கே ஒலின் வில்சனோடு சேர்ந்து செய்த வேலைதான் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கு. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் உண்டாக்கும் கே கோடு என்று ஒன்று உண்டு, 393.4 நானோமீட்டரில். அந்தக் கறுப்புக் கோட்டின் நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கோடு இருக்கும். அந்த ஒளிக்கோடு எவ்வளவு அகலமோ, விண்மீனின் உண்மையான பிரகாசமும் அதற்கேற்ப அதிகம் என்று இருவரும் கண்டார்கள். உண்மைப் பிரகாசம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். 1957-ல் வெளிவந்த அந்த முடிவுக்கு வில்சன்–பாப்பு விளைவு என்று பெயர்.

இதில் நமக்கு ஒரு கணக்கு இருக்கு. நொடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் வாயு, அந்த கே கோட்டை எவ்வளவு நகர்த்தும்? வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து, அலைநீளத்தால் பெருக்கினால் 0.26 நானோமீட்டர். அவ்வளவுதான். இந்த நகர்வைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியும், அதற்குப் போதுமான ஒளியைச் சேர்க்கும் பெரிய கண்ணாடியும் இல்லையென்றால், பிரபஞ்சத்தில் எந்த வாயு எங்கே ஓடினாலும் நமக்கு ஒன்றும் தெரியாது. பாப்பு இதைத் தன் கையால் வேலை செய்து தெரிந்துகொண்டிருந்தார். அந்தக் கருவிகள் எல்லாம் அமெரிக்காவில் இருந்தன. அவரும் அங்கேயே இருந்திருக்கலாம்.

1953-ல் ஊருக்குத் திரும்பினார்.

அடுத்த வருடம் உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். வாரணாசியில் சின்னதாகத் தொடங்கியிருந்த அது, அவர் காலத்தில் நைனிதால் மலைக்கு மாறியது. 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தபோது அவருக்கு வயது 32.

கொடைக்கானலுக்கு ஒரு பெருமை உண்டு. 1909-ல் அங்கேதான் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் நகர்வை வைத்துக் கண்டுபிடித்தார். அந்த வேகம் நொடிக்குச் சில கிலோமீட்டர் மட்டும். ஆக, வாயுவின் ஓட்டத்தைக் கோட்டில் படிக்கும் கலை தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. ஆனால் அது சூரியனுக்கான இடம். இரவு விண்மீன்களைப் பார்க்கப் பெரிய கருவி இல்லை. மேகமும் மூடுபனியும் வேறு.

பாப்பு வேறு இடம் தேடினார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் தெற்கு வானமும் தெரியும். நகர வெளிச்சம் கூடாது. வருடத்தில் நல்ல இரவுகள் வேண்டும். கடைசியில் காவலூரைப் பிடித்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. அகலாங்கு 12.6 டிகிரி. செஞ்சியின் அகலாங்கு 12.25, அதனால் அங்கே தெரியும் வானம்தான் இங்கேயும். காமா வெலோரம் ஹார்வர்டிலிருந்து பார்த்தால் தொடுவானத்தை ஒட்டியே நின்றுவிடும், மேலே எழாது. காவலூரில் 30 டிகிரி உயரத்தில் வந்து நிற்கும். தனக்குப் பிடித்த விண்மீன் வகையிலேயே வானத்தில் மிகப் பிரகாசமானதை, அவர் தன் சொந்த நாட்டிலிருந்துதான் சரியாகப் பார்க்க முடிந்தது.

1968-ல் காவலூரில் முதல் தொலைநோக்கி நின்றது. கண்ணாடியின் விட்டம் 38 சென்டிமீட்டர். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்திடம் வாங்கிய 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. அந்த வருடமே, வியாழனின் நிலவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவு செய்து, அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற தடயத்தைத் தந்தது. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்ட இரவில், அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

இதற்கிடையே 1971-ல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பானது. அதன் தலைமையகம் பிறகு பெங்களூருக்கு மாறியது. பாப்பு அதன் முதல் இயக்குநர். அப்போது அவர் கையில் எடுத்ததுதான் பெரிய திட்டம்: 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. 102 சென்டிமீட்டரைவிட 5 மடங்கு ஒளி சேர்க்கும்.

இங்கேதான் அவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. 102 சென்டிமீட்டரை வாங்கிய மாதிரி இதையும் ஆர்டர் கொடுத்து வாங்கியிருந்தால் சில வருடங்களில் வந்து நின்றிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கண்ணாடிக்கான மூலக்கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில், ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் நடந்தது. பிரம்மாண்டமான தாங்கியைச் செய்தது மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் தொழிற்சாலை.

அந்த மெருகேற்றம் எவ்வளவு நுணுக்கமான வேலை என்று ஒரு கணக்குப் போடலாம். கண்ணாடியின் மேடுபள்ளம் 50 நானோமீட்டருக்குள் இருக்கணும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கண்ணாடியைச் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை இழுத்துப் பெரிதாக்கினால், அவ்வளவு தூரத்திலும் எந்த மேடும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதற்கு முன்னால் நம் நாட்டில் இந்த அளவில் யாரும் செய்ததில்லை. செய்து, சோதித்து, திரும்பவும் தேய்த்து, திரும்பவும் சோதித்து... வருடங்கள் ஓடின.

உலகம் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1970-களின் கடைசியில், வெலா பக்கத்து ஒரு போக் குளோபியூலில் ஒளிரும் ஹெர்பிக்–ஹாரோ திட்டுகள் தெரிந்தன. பாப்புவின் பழைய பேராசிரியர் போக், வயதான காலத்தில், 30 வருடத்துக்கு முந்தைய தன் ஊகம் பலிப்பதைப் பார்த்தார். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன குழந்தை விண்மீன் இதுதான். 1980-ல் நம் ரோகிணி விண்மீனுக்கு மிக அருகே தெரியும் எல் 1551 என்ற கறுப்பு மேகத்தில், இரண்டு பக்கமும் எதிரெதிராக வாயு ஓடுவதை ரேடியோ தொலைநோக்கி காட்டிக்கொடுத்தது. ஒரு பக்கக் கோடு நீலத்துக்கு நகர்ந்திருந்தது, மறுபக்கம் சிவப்புக்கு. வருவது ஒன்று, போவது ஒன்று. வாயுப் பீய்ச்சல் என்பது விண்மீன் பிறப்பின் ஒரு கட்டம் என்று உலகம் ஒத்துக்கொள்ளத் தொடங்கியது அப்போதுதான். காவலூரின் பெரிய கண்ணாடி அந்த நேரத்தில் இன்னும் தயாராகவில்லை.

1979-ல் பாப்பு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1981-ல் பத்மபூஷண். 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் அந்த ஒன்றியத்தின் மாநாடு. தலைவராக அவர் மேடையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக்கில் மருத்துவமனையில் இருந்தார். ஆகஸ்ட் 19 அன்று அங்கேயே இறந்துபோனார். 55 வயது முடிந்து 9 நாள்.

தொலைநோக்கி நிற்கவில்லை. மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும், காவலூர் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது. அதன் வழியாக அவர் ஒரு விண்மீனைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது நேர்மையாக ஒரு கேள்வி கேட்கலாம். அந்தப் பிடிவாதம் சரியா? வாங்கியிருந்தால் அவரே பார்த்திருப்பாரே. எல் 1551 மாதிரி கண்டுபிடிப்புகள் வந்த காலத்தில் நம்மிடமும் ஒரு பெரிய கருவி இருந்திருக்குமே. பிறகு நடந்ததைப் பார்த்தால் கேள்வி இன்னும் வலுக்கிறது. 2000-ல் லடாக்கின் ஹான்லேயில் வந்த 2 மீட்டர் தொலைநோக்கியும், 2016-ல் தேவஸ்தலில் வந்த 3.6 மீட்டர் தொலைநோக்கியும் முக்கியமாக வெளிநாட்டு நிறுவனங்கள் செய்து கொடுத்தவைதான்.

என் பதில் இது. 2004-ல் ஓரியனில் ஒரு இளம் விண்மீன் திடீரென்று வெடித்து ஒளிர்ந்து, மெக்நீல் நெபுலா என்று செய்தியானது. ஹான்லே தொலைநோக்கியில் இந்திய ஆய்வாளர்கள் அதை வருடக்கணக்கில் விடாமல் கவனித்தார்கள். அதன் ஹைட்ரஜன் கோட்டின் நீல ஓரத்தில், வெளியே வீசும் வாயுவின் தடயத்தைப் படித்தார்கள். கருவி எங்கிருந்து வந்தது என்பது ஒரு பக்கம். 4,500 மீட்டர் உயரத்தில் அதை நிறுவி, நிறமாலைமானியைப் பொருத்தி, பழுது பார்த்து, இரவிரவாக ஓட்ட ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் கேட்லாக் பார்த்து ஆர்டர் போட்டால் வரமாட்டார்கள். கண்ணாடி தேய்த்து, கெட்டுப்போய், திரும்பத் தேய்த்த பட்டறைகளில்தான் உருவாவார்கள். பாப்பு அந்தப் பதினைந்து சொச்ச வருடங்களில் ஒரு தொலைநோக்கியோடு சேர்த்து அந்தப் பட்டறையையும் செய்துவைத்துவிட்டுப் போனார்.

பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் சங்கடமான கதைதான். பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்கும் நேரத்தில், முடிவு வருவதற்கு மூன்று வருடம் முன்னால் செத்துப்போன ஒருவரை உதாரணம் காட்டி யாரையும் வெளிநாடு போகாதே என்று சொல்ல முடியாது. அவரும் போனவர்தான். உலகத்தின் மிகப் பெரிய கருவியில் உட்கார்ந்து வேலை கற்றவர்தான். திரும்பி வந்தபோது அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை, அதனால் அதைச் செய்யத் தெரிந்த இடம் ஒன்றை இங்கே உருவாக்கினார்.

செஞ்சிக் கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததிலிருந்து வெளியூர் நண்பர்கள் நிறையப் பேர் ராஜகிரி ஏற வருகிறார்கள். வந்தால் அப்படியே திருவண்ணாமலை தாண்டி ஜவ்வாது மலைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். காட்டுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோபுரம் தெரியும். அதற்குள் இருக்கும் 2.34 மீட்டர் கண்ணாடி, வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் இன்றும் ஒளியைச் சேர்த்து நிறமாலைமானிக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கு.